டெல்மர் சிவப்பு என்று சொன்னான்

நீங்கள் வாங்கிக் கொடுத்த காப்பியில் இனிப்பு கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, சூடாக இருக்கிறது. ஏரியில் நட்ட கம்பங்களைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் டெல்மரைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் என்னைத் தவறாக நினைத்துக்கொள்வீர்கள்.

நாங்கள் இருவரும் நிக்கல் சுரங்கத்தில் ஒன்றாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். என் மனைவி போன பிறகு எனக்கென்று இருந்தவன் அவன்தான். ஐஸ் ஹாக்கி ஆட்டமுள்ள நாளெல்லாம் என் வீட்டு சோபாவில் அவனுக்கு ஒரு மூலை உண்டு. சிறுவயதிலிருந்தே நாங்கள் நீலச் சட்டை அணியின் ஆட்கள். அந்த அணி கோப்பையைத் தொட்டு எவ்வளவோ காலமாயிற்று. அதற்காக அணியை மாற்றிக்கொள்வார்களா?

ஏப்ரலில் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகள் தொடங்குமுன் எங்கள் ஊர் வானொலியில் இருவரும் உட்கார்ந்து முதல் சுற்றைக் கணிப்போம். ஏழு ஆட்டத் தொடரில் யார் யாரை எத்தனை ஆட்டத்தில் வெல்வார்கள் என்று. ஊரே கேட்கும். மற்ற அணிகளுக்காக அடித்துக்கொள்வோம். எங்கள் அணியின் பெயர் வந்தால் மட்டும் இருவருக்கும் ஒரே குரல்தான்: நீலம். அதைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே வந்ததில்லை.

இந்த வருடம் நீலத்துக்கு எதிரே சிவப்பு. அறிவிப்பாளர் பாம் கேட்டதும் நான், "நீலம், ஆறு ஆட்டம்" என்றேன். டெல்மர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தான்.

"சிவப்பு. அஞ்சே ஆட்டத்துல முடிச்சிருவாங்க."

"என்னடா சொல்ற?"

"உள்ளதச் சொல்றேன், வெண்டல். நம்ம கோல்கீப்பர் ஒரு சல்லடை. வருஷா வருஷம் பொய் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. உனக்கு வலிக்கலயா?"

பாம் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவனுக்குத் தெம்பு வந்துவிட்டது. "ஏரியில பனி எவ்ளோ கனம்னு இவனுக்கு நல்லாத் தெரியும். டிவியில ஸ்கோர் பாக்கத்தான் தெரியாது" என்றான். அன்று காப்பிக் கடையில் போகிறவன் வருகிறவனெல்லாம் அதை எனக்கே சொல்லிக் காட்டினான்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். சாயங்காலம் அவனே கடைக்கு வந்தான்.

"இந்தத் தடவ ஆட்டம் பாக்க உன் வீட்டுக்கு வரலடா. நோரீனும் நானும் மக வீட்டுக்குப் போறோம். மாப்ள டிக்கெட் எடுத்திருக்காரு. அங்க எல்லாரும் செவப்புதான். பேத்தி எனக்கும் ஒரு சட்டை வாங்கி அனுப்பியிருக்கா."

சந்தோஷமாகச் சொன்னான். நீ என்ன செய்வாய் என்று கேட்கவில்லை.

"ஏரிப் பனி மேல போட்ட மீன்பிடிக் குடிசையில அடுப்பு கெடக்கு. அத எடுத்துட்டுக் கெளம்பணும். பனி இன்னும் தாங்குமாடா?"

உறைந்த ஏரியில் ஸ்னோமொபைல் வண்டிகள் போகும் தடத்துக்குக் கம்பம் நடுவது என் பொறுப்பு. பனியைத் துளைத்துப் பார்த்து நான் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

"காலைல பாத்துச் சொல்றேன்" என்றேன்.

விடிந்ததும் போய்த் துளைத்தேன். பழைய தடத்தில் நல்ல கனம் இருந்தது. ஆறு வந்து கலக்கும் பக்கம் பனி கண்ணாடி மாதிரி மெலிந்துவிட்டிருந்தது. கம்பங்களைப் பிடுங்கி அந்தப் பக்கமாக நட்டேன். அவை நான் நட்ட கம்பங்கள்தானே.

டெல்மர் ஸ்னோமொபைலில் வந்தான். "தாங்குமா?"

"தாங்கும். கம்பத்த ஒட்டியே போ."

"நேத்து பேசுனதுல கோவமாடா?"

"ஆட்டத்துக்குப் போயி யாராவது கோவப்படுவாங்களா?"

என் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

நான் கரையில் என் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். பனி உடைந்த சத்தம் பெரிதாக வரவில்லை. பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். கயிறு பின் இருக்கையில் இருந்தது. வானொலியில் அன்றைய ஆட்டத்துக்கு நீலத்தின் கோல்கீப்பர் யார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது முடிந்ததும் கண்ணாடியை இறக்கினேன். அதற்குள் ஏரி அமைதியாகிவிட்டது.

உங்கள் போலீஸ் ஆட்கள் அவனை வெளியே எடுத்த பிறகு அவன் மனைவி நோரீன் என்னிடம்தான் வந்தாள். "என்ன சட்டையப் போட்டு அனுப்புறது, வெண்டல்? பேத்தி அனுப்புன செவப்புச் சட்டைய எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள்.

"கடைசியா எங்கிட்டப் பேசுனப்போ, நான் மறுபடியும் நீலம்தான்டான்னு சொன்னான்மா" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். என்னுடைய நீலச் சட்டையையே கொடுத்தேன். நானே மாட்டியும் விட்டேன். பெட்டியில் அதோடு படுத்திருந்தபோது பழைய டெல்மராகவே இருந்தான்.

எழுதிக்கொள்ளுங்கள், அவனைக் கொன்றது நான்தான். ஆனால் பகையில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவன்மேல் எனக்கு இப்போது ஒரு வருத்தமும் கிடையாது. அவனாகவே நீலத்துக்குத் திரும்பி வந்துவிட்டானே.