துணி டயபருக்கு ஓடும் ஃபேன்

மந்தாரக்குப்பத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருத்தியின் மடியில் இரண்டு வயதுப் பையன், துறுதுறுவென்று.

"எங்க வூட்டுல ஃபேன் இப்ப இவன் ஜட்டிக்குத்தாங்க்கா, அவருக்கு இல்ல," என்றாள் பையனின் அம்மா.

"என்னடி சொல்ற?"

"கடை டயபர் போட்டுத் தொடையெல்லாம் செவந்துபோச்சு. துணி டயபருக்கு மாத்திட்டேன். வெளிய காயப்போட்டா சுரங்கத்துக் கரித்தூளு வந்து ஒக்காருது. அதான் ஹால்ல, ஃபேனுக்குக் கீழ கொடி கட்டினேன். அவரு நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து சமையக்கட்டுல படுத்துனு கெடக்குறாரு."

"பாவம்டி மனுசன். பழையபடி பாக்கெட்டே வாங்கேன்."

"அவரும் அதான் சொல்றாரு. ஞாயித்துக்கெழம கொடிய அவுத்துடுவாராம். ஆனா பாக்கெட்டுல நனஞ்சதே இவனுக்குத் தெரியாது, துணி நனஞ்சா சிணுங்குறாங்க்கா. சீக்கிரம், வர்றதுக்கு முன்னாடியே வாயத் தொறந்து சொல்லிடுவான்."

"ஆமா, சொல்லிட்டு கலெக்டர் வேலைக்கே போயிடுவான்!"

பையன் அம்மாவின் தாலியைப் பிடித்து இழுத்தான். "ம்மா, மூச்சா."

அவள் அவன் துணியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"கண்டக்டரண்ணே, நிறுத்துங்க, நிறுத்துங்க!"

பஸ் நின்றது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நாங்கள் எல்லோரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம். திரும்பி ஏறியதும் போனை எடுத்தாள்.

"ஏங்க, தூங்கினு இருக்கீங்களா? கொடிய அவுத்துடாதீங்க. இவன் சொல்லிட்டான்!"