கேரவன் வண்டியின் டேங்க்

போக்கிடம் இல்லாத நாட்களில் மின்சார ரயிலில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். அன்று தாம்பரத்தில் ரயில் கிளம்பும்போது எதிர் சீட்டுக்காரர் சொன்னார்:

"நாளைக்கு கக்கூஸ் டேங்க்ல தண்ணிய ரொப்பு. அடியில நான் படுத்துக்கறேன்."

அவர் பிளம்பர். பக்கத்தில் இருந்த பெரியவர் சினிமா ஷூட்டிங்குக்குப் போகும் பழைய கேரவன் ஒன்றின் டிரைவர். அந்த வண்டியின் கழிவு டேங்க் வால்வ் இரண்டையும் பிளம்பர் அன்றுதான் மாற்றியிருந்தார்.

"மறுபடி ஸ்பாட்ல ஒழுகிச்சுன்னா வண்டிய வித்துடுவேன்னு ஓனர் சொல்லிக்கீறாரு. இந்த வயசுல எனக்கு எவன்பா வண்டி குடுப்பான்?"

"ஒரு சொட்டு ஒழுகாதுண்ணா."

"இன்னா அவ்ளோ தெம்பா சொல்ற?"

"கழட்டிப் பாத்துட்டேனே. வால்வ் பழசுதான், ஆனா ஒழுகினது அதனால இல்ல. உள்ள ரப்பர் ரிங்கே காணோம். எவனோ அதுக்குப் பதிலா செவப்பு டேப்பைச் சுத்தி வெச்சுக்கீறான்."

குரோம்பேட்டையில் ரயில் நின்றதும் பெரியவர் பிளம்பரின் காதுப் பக்கம் சாய்ந்தார்.

"அது நான்தான்பா."

"தெரியும்ண்ணா. ஸ்டியரிங்லயும் அதே டேப்தான கீது."

"ஓனராண்ட சொல்லிட்டியா?"

"ரப்பர் நைஞ்சு பூட்சுன்னு சொன்னேன். பழைய வண்டியாச்சே, சரின்னுட்டாரு."

பெரியவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிளம்பர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்:

"மிச்சம் கீற டேப்பை மட்டும் என்னாண்ட குடுத்துடுண்ணா."