ரெண்டு வள்ளி

இல்லீங்க டாக்டரம்மா, பரோட்டா எல்லாம் இல்லீங்க. அது எங்க வூட்டுக்காரரு சொல்றது. அரூர்ல பஸ் மாறும்போது தங்கச்சி பரோட்டா தின்னா, அதான் சேரலன்னு பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காரு. அவருக்குத் தெரியாது. வூட்டுல தெரிஞ்சவ நான் ஒருத்திதான். கதவ கொஞ்சம் சாத்திக்கட்டுங்களா?

என் பேரு சுமித்ராங்க. சித்தேரி மலை. உள்ள வலிப்பு வந்து படுத்திருக்காளே செல்லி, அவளுக்கு நான் அண்ணி. அவளுக்குக் குடுத்தது நான்தான். வள்ளிக் கெழங்கு.

ஆமாங்க, எல்லாரும் திங்கறதுதான். இதையேதான் அந்த நர்சம்மாவும் சொன்னாங்க. எங்கம்மாகூட அவிச்சுக் குடுப்பாங்க, வள்ளி தின்னு யாருக்கு வலிப்பு வந்துச்சு, போய் ஓரமா நில்லுன்னாங்க. நானும் நின்னுட்டேன். என்னன்னு எடுத்துச் சொல்றது, சொல்லுங்க. பேரு ஒண்ணா இருக்குதே.

ரெண்டு வருசம் முந்தி காலேஜ்ல இருந்து பிரியதர்ஷினின்னு ஒரு பொண்ணு வந்துச்சுங்க. செடி கொடிய ஆராய்ச்சி பண்ற பொண்ணு. காட்டுல வழி காட்ட நான்தான் கூடப் போவேன். ஓடைக்கு அந்தாண்ட, பாறைச் சந்துல வள்ளிக்கொடி கெடந்துச்சு. நான் தாண்டிப் போயிட்டேன். அது நின்னுக்கிச்சு. சின்னக் கண்ணாடிய வெச்சு கொடியப் பாக்குது, பாக்குது, வர்றதா இல்ல. அக்கா, இது கணுவுல முடியப் பாருங்க, செவப்பா இருக்குது, உங்க வள்ளிக்கு இப்படி இருக்குமான்னு கேட்டுச்சு. எனக்கு எங்க தெரியும், வள்ளின்னா வள்ளிதானே.

மறுபடி ரெண்டு தடவ வந்துச்சுங்க அதுக்கோசரம். ஆண்கொடி பூக்கறப்ப ஒருக்கா, பொட்டக்கொடி காய் வெக்கறப்ப ஒருக்கா. பேப்பர்ல வெச்சு அமுக்கிக் காயவெச்சு எடுத்துக்கிட்டுப் போச்சு. அந்தக் காலத்துல வெள்ளக்காரங்க காயவெச்ச செடியெல்லாம் இன்னும் இருக்குதாமே. அத எடுத்துப் பாத்தா, ஒரே பேரப் போட்டு ஒரே கட்டுல ரெண்டு செடி கலந்து கெடந்துச்சாம். நூறு வருசமா யாரும் பிரிச்சுப் பாக்கலயாம். இந்தப் பொண்ணுதான் பிரிச்சு, நம்முளுது புதுசுன்னு எழுதி, பேருலயே சித்தேரின்னு சேத்துருச்சு. இந்தத் தை மாசம் வந்து போன்ல காட்டுச்சு. கடைசியில எனக்கு நன்றின்னு போட்டிருந்துச்சு. எங்க வூட்டுக்காரரு அதப் போட்டோ புடிச்சு சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்புனாரு.

அன்னிக்கே சொல்லுச்சுங்க அந்தப் பொண்ணு. அக்கா, இதுக்குப் பேருதான் வெச்சிருக்கோம், உள்ள என்ன இருக்குதுன்னு இன்னும் யாரும் சோதிக்கல, இதத் தோண்டித் தின்னுடாதீங்கன்னு. சரி சரின்னேன். பெருமையில இருந்தேன், அது மண்டையில ஏறல.

முந்தாநேத்து செல்லி வந்தா. வாய்க்கு ஒண்ணும் புடிக்கல, வள்ளி வேணும் அண்ணின்னா. மாசமா இருக்கிறவ வாயத் தொறந்து கேக்கறா. கிட்டத்துல இருந்த கொடிய எல்லாம் பன்னி தோண்டிப் போட்டிருந்துச்சுங்க. அதான் ஓடை தாண்டிப் போனேன். தோண்டும்போது அந்தப் பொண்ணு சொன்னது ஞாபகம் வந்துச்சு. வரலன்னு பொய் சொல்லமாட்டேன். ரெண்டு தண்ணி மாத்தி அவிச்சா சரியாப் போயிரும்னு நெனச்சுக்கிட்டேன். கெடச்சதும் கொஞ்சம்தான், அவளுக்கே வெச்சுட்டு நாங்க களி தின்னோம்.

நேத்து மத்தியானம் தின்னா. ரெண்டு மணி நேரம் கழிச்சு, அண்ணி வாயெல்லாம் மரத்துப் போச்சுங்கறா. அதுல இருந்து ஒரு மணி நேரத்துல கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு பாருங்க. நான் அவ தலையப் புடிச்சுக்கிட்டே இருந்தேன். அப்பவும் ஆம்புலன்ஸ்காரங்ககிட்ட வாயத் தொறக்கலீங்க. எங்க வூட்டுக்காரரு மொகத்தப் பாத்தா நாக்கு உள்ள போயிருது. கல்யாணமாகி ஆறு வருசம் கழிச்சு தங்கிருக்கற புள்ளைங்க அது.

காலையில பஸ்ஸப் புடிச்சு வந்து எறங்குறேன், இது கர்ப்பத்துல பிரஷர் வந்து வர்ற வலிப்பு, ஏழு மாசம்னாலும் புள்ளைய எடுத்துரணும்னு நீங்க சொல்லிட்டதா சொல்றாங்க. பிரியதர்ஷினிக்குப் போன் போட்டேன். அந்தப் பொண்ணு அழுவுது. கெழங்க அனுப்புங்கக்கா, சோதிச்சுச் சொல்ல பத்து நாளாவது ஆவும்ங்குது. நீங்க இன்னிக்குச் சாயந்திரமே புள்ளைய எடுக்கணும்ங்கறீங்க.

இருங்கம்மா, முடிச்சுடறேன். கெழங்காவும் இருக்கலாம், பிரஷராவும் இருக்கலாம்னு நீங்க சொல்றது நாயந்தான். நானும் அதத்தான் யோசிச்சேன். பயந்து பயந்து யோசிச்சேன்.

அதான், மிச்சம் ரெண்டு துண்டு டப்பாவுல எடுத்தாந்திருந்தேன், அத நான் தின்னுட்டேங்க. பதினொண்ணரைக்கு, தண்ணிக் குழா பக்கத்துல நின்னு. நான் முழுகாம எல்லாம் இல்லீங்க, ரெண்டு பெத்து ஆப்ரேசன் பண்ணிக்கிட்டவ. பிரஷரும் கெடையாது, வேணும்னா கட்டிப் பாருங்க. வாய் மரத்து இப்ப அரை மணி ஆவுது. எனக்கும் இழுத்துச்சுன்னா கெழங்குதான்னு எழுதிக்கிட்டு, அவ புள்ளைய உள்ளயே வுட்டுருங்கம்மா.