செவலை வம்சத்துக்கு நான் எழுதின ஒரு வரி

மொதல்ல உக்காருங்க சார். நீங்க நின்னுக்கிட்டே கேட்டா எனக்குக் கோர்வையாச் சொல்ல வராது. அந்தச் சேரு காத்தாடிக்கு நேரா இருக்கு, அதுல உக்காருங்க. இன்னிக்கு வெக்கை கொஞ்சம் தேவல.

ஆமா, திங்கக்கெழம மத்தியானம் நம்ம ஆட்டத்துல கை வச்சது நான்தான். என் பேர்லதான் பதிவாகியிருக்கு, நான் அழிக்கவும் இல்ல. அஞ்சு வருஷமா இந்த கே.கே. நகர் ஆபீஸ்ல பேலன்ஸ்னா தங்கப்பாண்டி, தங்கப்பாண்டின்னா பேலன்ஸ். ‘பூதக்கோட்டை’ங்கிற நம்ம போன் ஆட்டத்துல ஆளுக்காளு பூதம் வளக்குறாங்க, குட்டி போட வைக்கிறாங்க, அதுகளக் கூட்டிக்கிட்டுப் போயி அடுத்தவன் கோட்டையப் பிடிக்கிறாங்க. அதுல ஒரு பூதம் மட்டும் கொழுத்துப்போயி மத்ததையெல்லாம் மிதிச்சா ஆட்டம் ஆட்டமா இருக்காது. கொழுத்தத மெலிய வைக்கிறது, மெலிஞ்சத தேத்துறது, அதுதான் என் சோலி. அத நான் நேர்மையாத்தான் செஞ்சிருக்கேன்.

தப்பு எங்க ஆரம்பிச்சதுன்னு பாத்தா, அதுல நம்ம எல்லாருக்கும் பங்கிருக்கு சார். ஒரே வீட்டுப் பூதங்க ஒண்ணுக்கொண்ணு ஜோடி சேரக் கூடாது, அதுக்கொரு விதி எழுதுன்னு சொன்னீங்க. நான் உக்காந்து இருபதே நிமிஷத்துல எழுதினேன். கூடப்பிறந்தது கூடாது, அண்ணன் தம்பி பிள்ளைக பங்காளி, அதுவும் கூடாது. மாமன் மகளும் அத்தை மகனும் சேரலாம். சேந்தா தாய்மாமன் சீரா, பிறக்குற குட்டிக்குப் பத்து சதவீதம் பலம் கூடுதல். ஆபீஸே கை தட்டுச்சு. டெல்லில வளந்த டெஸ்டர் ஷ்யாம் மட்டும், “சொந்தத்துல கட்டினா எதுக்கு சார் போனஸ்?”ன்னு கேட்டாரு. “பெறகு மொறைப் பொண்ண விட்டுட்டு அசலூருக்கா போவாக?”ன்னு நீங்கதான் கேட்டீங்க. அம்புட்டுப் பேரும் வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். கணக்கப் போட்டுப் பாக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல.

கணக்கப் போட்டது பாண்டீஸ்வரி. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஜெராக்ஸ் கடையில வேலை பாக்குற பிள்ள. ஆதார் கார்டு நகலெடுக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கையில போனு. ஒரு செவலை நெறத்துப் பூதத்த வச்சு ஆரம்பிச்சு, தலைமுறைக்குத் தலைமுறை மாமன் மகளையே கட்டி வச்சிருக்கு. ரெண்டு நாளைக்கு ஒரு தலைமுறை. பத்துக்கு மேல பத்து, அதுக்கு மேல பத்துன்னு நாப்பது தலைமுறை போனா நாப்பத்தஞ்சு மடங்கு சார். மூணு மாசத்துல செவலை வம்சம் எம்புட்டு வளந்துச்சுன்னா, போன் திரையில அதோட முழங்கால் மட்டுந்தான் தெரியும். ஒரு தும்மல் போடும், எதிரி கோட்டை சுவரு நாலும் ஒருசேர விழும். மேலூர்ல ஒரு வாத்தியாரு அதோட கால் நகத்தப் பாத்துட்டே கோட்டைச் சாவியக் குடுத்துட்டாரு.

புகார் வந்து குமிஞ்சுச்சு. “தங்கப்பாண்டி, பேலன்ஸ் பண்ணு”ன்னு சொன்னீங்க. அந்தப் பத்து சதவீதத்த ஒண்ணாக்கியிருந்தாப் போதும், அஞ்சு நிமிஷ வேலை, யாருக்கும் சேதாரமில்ல. அது எனக்கும் தெரியும். ஆனா எதையும் நேர்ல பாக்காமச் செய்யக் கூடாதுங்கிறது என் பழக்கம். அதனால கடைக்கே போனேன்.

வெறுங்கையோட எப்படிப் போறது? எனக்கும் ஒரு பூதம் உண்டு, பேரு கருப்பு. செவலை மகளக் கருப்புக்குக் கேக்கலாம்னு தட்டுல வெத்தலை பாக்கு, ஆப்பிள், ரெண்டு மொழம் மல்லி வச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். வெள்ளைச் சட்டை. அந்தப் பிள்ள தட்டப் பாத்துட்டு, ஜெராக்ஸ் மிஷின் மேல சாஞ்சு சிரிச்ச சிரிப்பு இருக்கே, வரிசையில நின்ன ஜனமெல்லாம் சேந்து சிரிச்சுச்சு. எனக்கு நெஞ்சு அப்படியே குளுந்துபோச்சு சார். நான் அந்த எடத்துலயே நாலடி ஒசந்துட்டேன்.

பூவ வாங்கித் தலையில வச்சுக்கிச்சு. பெறகு போன எடுத்து, கருப்போட வம்சத்தத் தட்டிப் பாத்துச்சு. “அடடா, மொறை வரலயேண்ணே. கருப்புக்கு எங்க பிள்ள தங்கச்சியாகுது”ன்னு சொல்லுச்சு. வீட்டுக்கு வந்து நானும் பாத்தேன். நான் எழுதின விதி சரியாத்தான் சொல்லியிருந்துச்சு.

அது வெறும் தகவல்தான், நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல. ஆனா அன்னிக்கு அரை மணி நேரத்துல அந்தப் பிள்ள வாயில இருந்து பதினேழு அண்ணே வந்துச்சு. டீ குடிங்கண்ணே, ஃபேனுக்குக் கீழ வாங்கண்ணே, பாத்துப் போங்கண்ணே. நாளைக்கு நடக்கிற போட்டி ஃபைனல்ல ஜெயிக்கிறவங்களுக்கு நம்ம ஆபீஸ்ல வேலைன்னு நீங்க அறிவிச்சிருக்கீங்க. ஜெயிச்சா என் பக்கத்துச் சேரு. தெனம் எட்டு மணி நேரம் அண்ணே. அது ஆபீஸ் பேலன்ஸுக்கு நல்லதில்லன்னு எனக்குப் பட்டுச்சு.

அதான் ஒரே வரி எழுதினேன் சார். எல்லாப் பூதத்துக்கும் அப்பன் வழிப் பாட்டன் ஒருத்தன்னு. அம்புட்டுத்தான். மதுரையில இருக்கிற பூதம், மலேசியாவுல இருக்கிற பூதம், எல்லாம் ஒரே வம்சம், எல்லாம் அண்ணன் தங்கச்சி. இதவிடச் சமமா ஒரு உலகத்த யாரு அமைக்க முடியும்?

குட்டி பிறக்குறது நின்னுபோச்சு. ஒரு பூதத்துக்கு ஆயுசு ஆறு நாள், அது உங்களுக்கே தெரியும். திங்கக்கெழம அறுபத்திரெண்டாயிரம் பூதம் இருந்துச்சு. இன்னிக்குச் சனிக்கெழம, காலைல எண்ணினப்ப ஆறாயிரத்துச் சொச்சம். நாளைக்கு மத்தியானம் ஒண்ணும் இருக்காது. ஃபைனல் சாயங்காலம் நாலு மணிக்கு. கருப்பும் புதன்கெழம போய்ச் சேந்துட்டான், நான் என் பூதத்துக்குன்னு சலுகை காட்டல.

செவ்வாக்கெழம போன் வந்துச்சு. “அண்ணே, எதத் தொட்டாலும் மொறை இல்லங்குது, கொஞ்சம் பாருங்கண்ணே”ன்னு. “பாக்குறேங்க”ன்னேன். வாங்க போங்கன்னுதான் சார் எப்பவும் பேசுவேன், தங்கச்சின்னு ஒரு தடவ கூட வாயில வந்ததில்ல. அன்னில இருந்து தெனம் சாயங்காலம் கடைக்குப் போனேன். ஒவ்வொண்ணா விழும், அந்தப் பிள்ள பேரச் சொல்லிச் சொல்லி அழுகும், நான் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து ஆறுதல் சொல்லுவேன். கடலை மிட்டாய் வாங்கிட்டுப் போவேன். வியாழக்கெழம அதோட துப்பட்டா நுனி என் கை மேல பட்டுச்சு. இந்த முப்பத்தி நாலு வயசுல இப்படியொரு வாரம் எனக்கு வாச்சதே இல்ல. பஸ் ஏறத் தோணாம கே.கே. நகர் வரைக்கும் பாடிக்கிட்டே நடந்து வந்தேன்.

வெள்ளிக்கெழம ஒரு விஷயம் சொல்லுச்சு. ஜெயிச்சிருவோங்கிற தைரியத்துல வர்ற திங்கக்கெழமைல இருந்து வரமாட்டேன்னு கடைக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லிருச்சாம். அவரும் வேற ஆளப் போட்டுட்டாராம். “இருந்த சோறும் போச்சுண்ணே”ன்னு தேம்புச்சு. எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. நான் கல்லு இல்ல. உண்மையச் சொல்லிரலாம்னு வாயத் தொறந்தேன், அதுக்குள்ள கண்ணத் தொடச்சுக்கிட்டு, “உங்கள மாதிரிக் கூடப்பிறந்தவன் ஒருத்தன் இருந்தா எனக்கு என்ன கவலை”ன்னு சொல்லுச்சு. நான் வாய மூடிக்கிட்டேன்.

ஏன் சார் தலையில கை வைக்கிறீங்க? எதுவும் கெட்டுப்போகல. திங்கக்கெழமக் காலைல எடுத்த பேக்கப்பு இந்தா என் சட்டைப் பையில இருக்கு. போட்டா அறுபத்திரெண்டாயிரமும் எந்திரிச்சு உக்காந்துரும், செவலையும் முழங்கால் தெரிய நிக்கும். பத்த ஒண்ணாக்கிட்டு நாளைக்கு ஜோரா ஃபைனல் நடத்தலாம். நான் எப்பத் தருவேன்னுதான கேக்குறீங்க. ஒரு சின்ன சரிக்கட்டல் பாக்கி இருக்கு, அது முடிஞ்சதும் தாரேன்.

யாரு வெளிய கதவத் தட்டுறது? பாண்டீஸ்வரியா? நீங்களா வரச் சொன்னீங்க? நான் பேசினதெல்லாம் வெளிய கேட்டிருக்குமே. சரி, கேக்கட்டும். ஒளிச்சுப் பேச இதுல ஒண்ணுமில்ல.

கொஞ்சம் சும்மா இருங்க சார். என்ன கத்துது, கேட்டீங்களா? “யோவ் தங்கப்பாண்டி, நீயெல்லாம் மனுஷனாய்யா, வெளிய வாய்யா.” முழுசாக் காது குடுத்துக் கேளுங்க. யோவ்ங்குது. பேரச் சொல்லுது. வாய்யாங்குது. அண்ணே ஒண்ணு கூட இல்ல.

இந்தாங்க சார் பேக்கப்பு. இதுக்குத்தான் சார் இம்புட்டுப் பாடு, ஆட்டம் நேராயிருச்சு. கதவத் தொறக்காதீங்க, ஒரு நிமிஷம். சீப்பு இருக்கா உங்ககிட்ட?