கட்டம் கட்டமா வந்த சேதி

தலையக் குனியாதம்மா, குனிஞ்சா இன்னும் பெரட்டும். தூரத்துல கடலும் வானமும் ஒட்டுற கோடு தெரியுது பாரு, அதையே பாரு. பையக் கையில வெச்சுக்கோ, வந்தா வரட்டும், இதுல என்ன வெக்கம்? பெம்பாத் தீவுக்குக் கப்பல்ல போறவங்க பாதிப்பேரு இப்படித்தான் போறாங்க. இந்தா எலுமிச்சம்பழம், நகத்தால கீறி மோந்து பாரு. நீ ஒண்ணும் பேச வேணாம், தலைய ஆட்டு போதும். பேசறதுக்குத்தான் நான் இருக்கேனே.

சிக்னல் வந்துச்சா? வரலியா? சரி, நடுக்கடல்ல யாரு டவர் கட்டி வெப்பான். கரை கண்ணுக்குத் தெரிஞ்சா வந்துரும்னு சொல்றாங்க. உன் நம்பருக்கு நான் அனுப்பிட்டேன், பாரு, இன்னும் போகாமலேயே நிக்குது. அது உன் போன்ல வந்து விழுந்தாத்தான் என் கதி என்னன்னு எனக்கே தெரியும். சிரிக்காத, சிரிச்சா வயித்தப் பெரட்டும்.

உண்மையச் சொல்லிடறேன். உன் மொகத்தப் பாத்து உன் பக்கத்துல வந்து உக்காரல. டாங்கா துறையில வரிசையில நிக்கும்போதே உன் கையில இருக்கற போனப் பாத்துட்டேன். புத்தம்புதுசு, கண்ணாடி கூட உடையல. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இந்தப் பொண்ண விடக்கூடாதுன்னு. என் போனப் பாரு. என் அண்ணன் பையன் ஷொமாரி இதக் கையில வாங்கிப் பாத்துட்டு, அத்தை, இது போனே இல்ல, இத ஏதாவது மியூசியத்துல குடுங்கன்னான். இதுல புதுசா எதுவும் ஏறாதாம். அதனால புதுசா வர்ற பொம்மை எதுவும் இதுல தெரியாது. எமோஜிங்கறாங்களே, அதுதான். பொம்மைக்குப் பதிலா வெறும் கட்டம் வரும். சின்னதா, காலியா, ஒரு கட்டம்.

இப்ப இதப் பாரு. வெள்ளிக்கிழமை காலையில பெம்பாவுல கிராம்புத் தோட்டம் வெச்சிருக்கற மகாமேகிட்டேர்ந்து வந்தது. கட்டம், கட்டம், கட்டம், இப்படியே ஒரு வரிசை. கடைசியில ஒரு கேள்விக்குறி. அவ்வளவுதான். என்னமோ கேட்டிருக்கார். இதத்தான் உனக்கு அனுப்பியிருக்கேன், உன் புதுப் போன்லயாவது பொம்மையாத் தெரியட்டும்னு.

நான் என்ன சொன்னேனா? சரின்னு சொல்லிட்டேன்! கட்டை விரல், ஒரு பூ, செவப்புப் பாவாடை கட்டிக்கிட்டு ஆடறாளே ஒருத்தி, அவ. மூணையும் சேத்து அனுப்பிட்டேன். அவர் உடனே ஒரு கப்பலப் போட்டு, சனிக்கிழமைன்னு எழுதினார். இதோ சனிக்கிழமை, இதோ கப்பல், இதோ நான். எதுக்குச் சரின்னு சொன்னேன்னு மட்டும் தெரியாது. ஏய், நெசமாவே சொல்றேம்மா, தெரியாது!

அது நான் நெனைக்கற கல்யாணக் கேள்வியா இருந்தா நல்லது. ஆனா போன வாரம் ஒரு கிராம்பு வியாபாரி என் கடைக்கு வந்தான். மகாமே வீட்டுல சுண்ணாம்பு அடிக்கறாங்க, கல்யாணக் களை தெரியுதுன்னான். யாருக்குடான்னேன். அவரோட அக்கா சகே சகே டவுன்ல பொண்ணு பாத்துக்கிட்டிருக்காளாம், சின்னப் பொண்ணாம். எனக்குக் கையில இருந்த டீ ஆறியே போச்சு. நான் யாரு? துணிக்கடைக்காரி சௌமு. அவரு மக கல்யாணத்துக்குக் காங்காத் துணி எங்கிட்டத்தான் வாங்கினாரு. இப்ப அவரு கல்யாணத்துக்கும் எங்கிட்டத்தான வாங்கணும்? துணி எடுத்துக்கிட்டு வர முடியுமான்னு கேட்டிருந்தா? நான் ஆடற பொம்பளைய அனுப்பியிருக்கேனே, அந்தக் கேவலத்த எங்க போய்ச் சொல்றது?

அதனாலதான் ரெண்டு மூட்டை. இந்தச் செவப்பு மூட்டையில எனக்குப் புதுத்துணி, அத்தர், எல்லாம். அந்தப் பெரிய மூட்டையில இருவது ஜோடி காங்கா, விக்கறதுக்கு. எதுன்னு தெரிஞ்சப்புறம் அந்த மூட்டையத் தூக்கிக்கிட்டு எறங்குவேன். மருதாணி கூட கால்ல மட்டுந்தான் வெச்சிருக்கேன். கையில வெச்சா காட்டிக் குடுத்துருமே. கால்னா துணிய இழுத்து விட்டு மறைச்சுக்கலாம். எப்படி என் மூளை? வியாபாரி மூளைம்மா இது.

அவர எப்படித் தெரியுமா? அதான் சொன்னேனே, மகளுக்குத் துணி எடுக்க வந்தார். பெஞ்சாதி மௌத்தாகி, மண்ணுக்குப் போயி ரொம்ப வருஷம். அவருக்கு வாய் கொஞ்சம் திக்கும். கொஞ்சமில்ல, நல்லாவே திக்கும். என்ன கலர் வேணும்னேன். செ, செ, சென்னு நிக்கறார். பக்கத்துக் கடை பஹாத்தி இருக்காளே, ஊர்ல யாரு வாயில என்ன வார்த்தை இருந்தாலும் புடுங்கிப் போட்டுருவா. செவப்பா, செம்மண் கலரா, செங்கல் கலரான்னு அங்கேர்ந்தே கத்தறா. மனுஷன் வேர்த்துப்போய்ட்டார். நான் அவரே சொல்லட்டும்னு துணிய மடிச்சுக்கிட்டே நின்னேன். அவரா சொல்லி முடிச்சார், செம்பருத்திக் கலர்னு. அந்தக் கலர் எங்கிட்ட இல்ல! ஆனாலும் பன்னெண்டு ஜோடி வாங்கிட்டுப் போனார்.

அப்புறம் போன் நம்பர் வாங்கினார். பேசவே மாட்டார், பொம்மைதான். மொதல்ல எனக்கு எரிச்சலா இருந்துச்சு. இவ்வளவு பெரிய ஆம்பள, சின்னப் புள்ளையாட்டம் காப்பிக் கப்பு அனுப்பறாரேன்னு. போகப்போகப் பழகிருச்சு. காப்பிக் கப்புன்னா எழுந்துட்டேன். குடைன்னா மழை, கிராம்பு காயல. மீனுன்னா இன்னிக்கு வீட்டுல நல்ல சோறு. ஆடுன்னா ஆடு இல்ல, பக்கத்து வீட்டுக்காரன்! வேலிய மேஞ்சுட்டுப் போவானாம். நான் கடையில தனியா உக்காந்து சிரிப்பேன், பஹாத்தி எட்டி எட்டிப் பாப்பா. ரெண்டு வருஷம் எங்களுக்கு நூறு பொம்மையே தாராளமா இருந்துச்சு. ஒரு குடும்பமே நடத்தலாம் அதுல.

நாசமாப் போச்சு எப்பன்னா, மஸ்கட்ல இருக்கற அவரு மகன் புதுப் போன் அனுப்பினப்பதான். அதுல என்னென்னமோ பொம்மை. ஷொமாரி சொல்றான், இப்ப மூவாயிரத்துச் சொச்சம் இருக்காம், எங்கயோ பெரியவங்க கூடி உக்காந்து வருஷா வருஷம் இன்னும் சேத்துக்கிட்டே இருக்காங்களாம். வேற வேலை இல்லியா அவங்களுக்கு? மூவாயிரத்த வெச்சுக்கிட்டு என்ன பண்றது? தேடி எடுக்கறதுக்குள்ள சொல்ல வந்ததே மறந்துரும். ஆனா இவருக்கு ஒரே குஷி. தெனம் புதுசு புதுசா அனுப்பறார், எனக்குத் தெனம் கட்டம் கட்டமா வருது.

தெரியலன்னு சொல்லியிருக்கலாம்தான். ஏன் சொல்லலன்னு நீ கேப்ப. எப்படிச் சொல்றது? அவரு புதுப் போன் வந்த சந்தோஷத்துல இருக்கார், என் போன் செத்த போன்னு நான் சொல்லணுமா? கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல. மொத கட்டத்துக்குக் கைதட்டிட்டேன். ரெண்டாவதுக்குச் சிரிச்சு வெச்சேன். அப்புறம் நடுவுல நிறுத்த முடியல. ஒருநாள் ஒரே ஒரு கட்டம் வந்துச்சு. நான் ஆடற பொம்பளையத் தூக்கி அனுப்பினேன், நல்லா ஆடட்டும்னு மூணு பேரா. ரெண்டு நாளா மனுஷன்கிட்டேர்ந்து சத்தமேயில்ல. அப்புறம் பெம்பாவுக்குப் போயிட்டு வந்த ஒருத்தன் சொல்றான், மகாமே கிராம்பு மரத்துலேர்ந்து விழுந்து கால் முறிஞ்சு கெடக்காருன்னு! அப்பத்தான் புரிஞ்சுது, அந்தக் கட்டம் ஊன்றுகோலா இருந்திருக்கும்மா! கால் முறிஞ்ச மனுஷனுக்கு மூணு பேர விட்டு ஆட விட்டிருக்கேன் நான்!

சிரி சிரி, நல்லா சிரி. பாத்தியா, வயித்துப் பெரட்டல் எங்க போச்சு? ஆனா அவரு கோவிச்சுக்கலம்மா. கால் கட்டுப் பிரிச்ச அன்னிக்கு அதே ஆடற பொம்பளைய எனக்குத் திருப்பி அனுப்பினார். அன்னிக்குத்தான் எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ ஆச்சு. சொல்லவே கூச்சமா இருக்கு, இந்த வயசுல.

டாங்காவுல யார்கிட்டயாவது காட்டியிருக்கலாமா? நல்லா கேட்ட. மத்தியானத் தொழுகைக்குள்ள மார்க்கெட் பூரா தெரிஞ்சிருக்கும். பஹாத்தி அதுக்குன்னே ஒரு காங்காவ எடுத்துக் கட்டிக்கிட்டு என் கடை முன்னாடி நடப்பா. காங்கான்னா ஓரத்துல ஒரு பழமொழி வரி அச்சடிச்சிருக்குமே, அவ கடையில எல்லாத்துக்கும் ஒரு வரி போட்ட துணி இருக்கு. புருஷனப் புடுங்கினவளுக்கு ஒரு வரி, கடன் வாங்கிட்டு மொகத்தத் திருப்பிக்கிறவளுக்கு ஒரு வரி. கெழவிக்குக் கல்யாண ஆசை வந்தா அதுக்கும் ஒரு வரி அச்சடிச்சிருப்பான். ஆமா, அதுவும் மாசாமாசம் புதுசு புதுசாத்தான் வருது. நான் ஒருநாளும் போதும்னு சொன்னதில்லியே! எனக்கு வியாபாரம்னா அது அவசியம், அவங்களுக்குப் பொம்மைன்னா வெட்டி வேலையா? நல்லா இருக்கு என் நியாயம்.

அந்தா பச்சையாத் தெரியுது பாரு, பெம்பா! கிராம்பு வாசன வருதா? உனக்கு எலுமிச்சம்பழ வாசனதான் வரும், பாவம். போனப் பாரு, போனப் பாரு. ஒரு கோடு வந்திருக்கு. ரெண்டு கோடு. அல்லாவே, அந்த எலுமிச்சம்பழத்த இப்ப எங்கிட்டக் குடும்மா.

வந்துருச்சு! டிங்குன்னுச்சே! நீ பாக்காத, நான்தான் மொதல்ல பாப்பேன். இல்ல, நீயே பாரு. வேணாம் வேணாம், குடு இங்க. பிஸ்மில்லா.

இது என்ன, நாற்காலி. நாற்காலியா? சரி. இது மொகம் பாக்கற கண்ணாடி. இது ஜன்னல், ஆமா, ஜன்னல்தான். இது வாளி. தண்ணி மோக்கற வாளிம்மா! நாற்காலி, கண்ணாடி, ஜன்னல், வாளி. இந்த மனுஷன் சாமான் கடை வெக்கப் போறார் போல! கூட்டு சேர்றியான்னு கேட்டிருக்கார்! இதுக்கா நான் ராத்திரி பூரா தூங்காம அத்தர் எதுன்னு மோந்து பாத்துக்கிட்டிருந்தேன்? இருவது ஜோடியும் வித்துட்டு அடுத்த கப்பல்லயே திரும்பிருவேன், எனக்கென்ன.

இன்னும் இருக்கா? எங்க? ஓ, ஆமா. இது என்னது, சீப்பா? பல்லு தேய்க்கற பிரஷ்ஷா? அட, ஆமா. பக்கத்துல இருக்கறதும் பிரஷ்தான். ரெண்டு பிரஷ். அப்புறம் கேள்விக்குறி.

ரெண்டு பிரஷ்ம்மா.

வீட்டத் தயார் பண்ணியிருக்கார். சுண்ணாம்பு அடிச்சது எனக்குத்தான், அக்கா பாத்த பொண்ணுக்கு இல்ல! ஏய், நீ ஏன் அழுவற? மறுபடி பெரட்டுதா? இல்லியா? என் கண்ணுலயும் வருது பாரு, பாழாப்போன உப்புக் காத்து. மோதிரம் இருக்கு, பூ இருக்கு, இதயம் மட்டும் எத்தன கலர்ல இருக்கு, எல்லாம் என் செத்த போன்லயே தெரிஞ்சிருக்குமே! அதெல்லாத்தையும் விட்டுட்டுப் பிரஷ்ஷத் தேடிப் புடிச்சிருக்கார் மனுஷன். இதயத்த யாரு வேணா யாருக்கு வேணா அனுப்பறாங்க. பஹாத்தி மீன்காரனுக்கே தெனம் நாலு அனுப்பறா, நல்ல மீனா எடுத்து வெக்கட்டும்னு. ரெண்டு பிரஷ்ஷ எவன் அனுப்புவான்? சேக்கட்டும்மா, அந்தப் பெரியவங்க இன்னொரு மூவாயிரம் சேக்கட்டும், அவங்க புள்ளகுட்டி நல்லா இருக்கட்டும்!

எல்லாரும் எழுந்துட்டாங்க, வா. அந்தச் செவப்பு மூட்டைய எங்கிட்டக் குடு. பெரிசு இங்கயே கெடக்கட்டும், அவரே வந்து தூக்குவார், கால்தான் சரியாயிடுச்சே. அந்தா நிக்கறார் பாரு, வெள்ளத் தொப்பி, எல்லாருக்கும் பின்னால. கையக் கூட ஆட்டாம நிக்கறார், பாரேன்.

என்ன கேக்கற? சத்தமாக் கேளு, இஞ்சின் சத்தம். ஓ, அதுவா. என்ன கேட்டார்னே தெரியாம எப்படிச் சரின்னு சொன்னேன்னா? மொத நிக்காஹ்ல எனக்குப் பதினாறு வயசும்மா. திரைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கேன், பயத்துல நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. மாமா எட்டிப் பாத்தார், வெளிய போய், புள்ள பேசாம இருக்கு, சம்மதந்தான்னு சொல்லிட்டார். ரெண்டாவது தடவ அண்ணன் எட்டிக்கூடப் பாக்கல, எல்லாம் முடிச்சுட்டு வந்து கல்யாணப் பிலாவ் சோறு எப்படி இருந்துச்சுன்னுதான் கேட்டார். அதுக்கப்புறம்தான் நான் இப்படி ஓயாமப் பேச ஆரம்பிச்சேன், எங்கயாவது ஒரு நிமிஷம் சும்மா இருந்தா எவனாவது சம்மதம்னு சொல்லிருவானோன்னு. இவரு அனுப்பின வரியில எனக்குத் தெரிஞ்சது அந்தக் கேள்விக்குறி ஒண்ணுதான். சரி, யாரோ என்னையக் கேக்கறாங்கன்னு புரிஞ்சுது, சரின்னுட்டேன்.