முதல் ஷாக்கிலேயே சரியாகிவிட்டது

பல் பிடுங்குவதைவிட எளிய வேலை இது, ஐயா. ஆனாலும் ஷாக் என்ற சொல்லைக் கேட்டதும் ஆட்களுக்குக் கைகால் உதறும். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஒரு நொடி மின்சாரத்தால் வழிக்குக் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான். முதலில் தூக்க ஊசி போடுவோம். கண் விழிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

என் தங்கையின் கணவருக்கு இதயம் தாளம் தப்பியது. என்னை நம்பித்தான் வந்தார். தங்கையும் கூட வந்தாள். அவளுக்கு இடது காது கேட்காது. படியில் விழுந்ததாகத்தான் எங்களிடம் சொல்லியிருந்தாள். படியில் விழுந்த காயம் எது, கை பட்ட காயம் எது என்று ஒரு டாக்டருக்குத் தெரியாதா?

அவர் மார்பிலும் முதுகிலும் ஷாக் கொடுக்கும் பட்டைகளை ஒட்டினேன். நர்ஸை வேறு வேலையாக அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டேன். பிறகு அவர் கைகளைக் கட்டிலோடு கட்டினேன்.

"இதெல்லாம் எதுக்கு மச்சான்?"

"அசையாம இருக்கத்தான் மாப்பிள்ளை."

"தூக்க ஊசி இன்னும் போடலையே?"

"போடப்போறதில்ல."

முதல் ஷாக்கில் உடம்பு கட்டிலைவிட்டு எழும்பி விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்; வாயெல்லாம் ரத்தம். இதயத் துடிப்பைக் காட்டும் திரையைப் பார்த்தேன். தாளம் சரியாகிவிட்டிருந்தது. வைத்தியம் அத்தோடு முடிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது அவள் காதுக்காக. அதற்கடுத்து, அவளைப் பொய் சொல்ல வைத்ததற்காக. தோல் கருகி அறையெல்லாம் வாடை.

"இனிமே அவளைத் தொடவே மாட்டேன் மச்சான். பிள்ளைங்க மேல சத்தியம்."

அவர் சொன்னதை நம்பினேன். நம்பிக்கொண்டேதான் பொத்தானை மறுபடி அழுத்தினேன். கத்தல் நின்றது. சற்று நேரத்தில் இதயமும் நின்றது. நின்ற இதயத்தை ஓடவைக்க என்ன செய்யவேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. செய்யவில்லை. கையைக் கழுவிக்கொண்டேன்.

அவ்வளவு நேரமும் தங்கை கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "அவரை விட்டுடுண்ணா, விட்டுடு" என்று தொண்டை கட்டும்வரை கத்தினாள். திறந்தேன். ஆறுதலாகத் தோளைத் தொடலாம் என்றுதான் கையை நீட்டினேன். அவள் சுவரோடு ஒடுங்கி, இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"அடிக்காதண்ணா" என்றாள்.

பிறந்ததிலிருந்து அவள்மேல் என் விரல் நகம்கூடப் பட்டதில்லை, ஐயா. எதற்காக அப்படிச் சொன்னாள் என்று அவளிடம் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்.