ஊசிக் காய்ச்சல்

ஹலோ... ஆமா, கிளினிக்லதான் இருக்கேன்... கேட்டேன், கேட்டேன். ஊசி போடற சிஸ்டரையே கேட்டேன்.

... மாத்திரை இருக்கட்டும். என் தங்கச்சி எழுந்துட்டாளா? ... சரி, தூங்கட்டும். ராத்திரி முழுக்க ரயில்ல உட்கார்ந்து வந்தவ. கதவு சாத்தியிருக்குல்ல? ... நீங்க எங்க நிக்கறீங்க? ... ஹால்லயா. அங்கயே இருங்க.

... இல்லயே. என் குரல் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. உங்களுக்கு எந்தக் கையில ஊசி போட்டாங்க?

... இடது கையில. ரெண்டுமேவா, ஃப்ளூவும் கொரோனாவும்? ... சரி, சரி. யார் போட்டாங்க? ... குட்டையா, கண்ணாடி போட்டவங்க. ஆமா, ஆமா. அவங்கதான் எனக்கு எதிர்ல நிக்கறாங்க.

"எங்க வீட்டுக்காரருக்கு ஊசி போட்டதுல இருந்து காய்ச்சல் விடல, வீட்டுல உடம்பு சரியில்லாத பொண்ணு வேற வந்திருக்கா, என்ன கொடுக்கலாம்"னு கேட்டேன். உங்க பேரைக் கேட்டாங்க. சொன்னேன். சிரிச்சாங்க... ஏன்னு நீங்களே சொல்லுங்களேன்.

... வேற சிஸ்டரா? இங்க இருக்கறதே ஒருத்தங்கதான். சட்டைக் கையை மடிச்சுட்டு உட்கார்ந்தீங்களாம். ஊசியில மருந்தை ஏத்திட்டுத் திரும்பறாங்க, நாற்காலி காலி. "வண்டியைத் தள்ளி நிறுத்திட்டு வரேன்னு போனார், இன்னும் நிறுத்தி முடியலையா"ன்னு கேக்கறாங்க. வரிசையில நின்ன அத்தனை பேரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சு வச்சேன். வேற என்ன பண்றது.

... பயம்னா பயம்னு சொல்ல வேண்டியதுதானே. நான் போட்டுக்கிட்ட அன்னைக்கு எனக்கும்தான் பயமா இருந்துது... ஓ, ஆபீஸ்ல யாரோ போட்டுக்கிட்டுக் காய்ச்சல்ல படுத்துட்டாங்கன்னு பயமா? காய்ச்சலுக்கு பயந்துதான் ஓடி வந்தீங்களா?

அப்ப அந்தக் கை வலி? ... இல்ல, சொல்லுங்க. துண்டுல ஐஸைச் சுத்தி ஒத்தடம் கொடுத்தேனே. "ஸ்ஸ், மெதுவா"ன்னீங்களே. கண்ணை வேற மூடிக்கிட்டீங்க. ஐயோ வலிக்குதேன்னு நான் ஊதி ஊதி விட்டேன். நினைச்சா உடம்பெல்லாம் கூசுது.

ஒரு நிமிஷம்... நீங்க முன்னாடி போங்கம்மா, நான் வரிசையில இல்ல.

ஹலோ... இருங்க. இருங்க. ஊசியே போடலன்னா, இந்தக் காய்ச்சல் எது?

... கேக்குதா? மூணு நாளா ஊசிக் காய்ச்சல், ஊசிக் காய்ச்சல்னு சொல்லிட்டிருக்கீங்களே. இது எங்க இருந்து வந்துது?



... யார், ஆபீஸ்ல உங்க பக்கத்து சீட்டுக்காரரா? அவருக்குக் கொரோனாவா? டெஸ்ட் எடுத்தாரா? ... உங்களுக்கு எப்பத் தெரியும்? ... நேத்தே தெரியுமா. தெரிஞ்சுதான் காலையில காரை எடுத்துட்டு ஸ்டேஷனுக்குப் போனீங்களா.

கிட்னி மாத்தி இன்னும் வருஷம்கூட ஆகல அவளுக்கு. வச்ச கிட்னி நிக்கணும்னு எதிர்ப்பு சக்தியையே மாத்திரை போட்டு அடக்கி வச்சிருக்காங்க. வீட்டுல இருக்கறவங்க எல்லாரும் ஊசி போட்டிருந்தாத்தான் அங்க தங்கலாம்னு டாக்டர் சொன்னதை உங்க பக்கத்துல உட்கார்ந்துதானே சொன்னேன். தலையை ஆட்டினீங்க.

... வேண்டாம். சாதாரண ஜலதோஷம்னு சொல்லாதீங்க. உங்களுக்குச் சாதாரணம்... உண்மையைச் சொன்னா நான் திட்டுவேன்னா? திட்டியிருப்பேன். ஒரு வேளை பேசாம இருந்திருப்பேன். அதுக்கு பயந்துக்கிட்டு அவளைக் கொண்டுபோய் உங்க மூச்சுக்குள்ள உட்கார வச்சீங்களா.

... என்ன, அவளுக்கு சூப்பா? யார் பண்ணாங்க? ... நீங்களா. உப்பு பார்த்தீங்களா? ... எதுல? ... அவளுக்குக் கொடுத்த அதே கரண்டியிலயா. ... சூடா இருந்துதுன்னு வாயால ஊதி ஆத்திக் கொடுத்தீங்களா... அக்கறையா. சீ.

எனக்கு உங்க மேல கோபம்கூட வரலங்க. கோபம்னா கத்திட்டா போயிடும். இது கத்தினாலும் போகாது.

... அழாதீங்க. மூக்கைச் சிந்தாம பேசுங்க... என்ன சத்தம் அது, கதவா? எழுந்துட்டாளா? எட்டிப் போங்க. போனை அவகிட்டக் கொடுக்காதீங்க, கொடுக்கா...

... நீயா.

... தூங்கலயா நீ? ... எல்லாம் கேட்டியா.

... என்னடி சொல்ற. கார்லயே தெரியுமா? ... தும்மினாரா. நீ என்ன பண்ண? ... மாஸ்க்கை இறுக்கிக்கிட்டு வெளிய பார்த்துட்டே வந்தியா. கண்ணாடியை இறக்குங்க மாமான்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே.

... சூப்பு? ... அவர் அந்தக் கரண்டியை வாயில வச்சதைப் பார்த்தியா? பார்த்துட்டா குடிச்ச? ... நீ குடிக்கற வரைக்கும் நின்னு பார்த்துட்டே இருந்தாரா... "வந்து தங்கப்போறவ, முதல் நாளே எப்படிக்கா சொல்றது"ன்னு இருந்துட்டியா.

... எனக்கு ஒண்ணும் இல்ல. இரு.

சரி, கேளு. இப்பவே உன் டாக்டருக்கு போன் பண்ணு. எல்லாத்தையும் சொல்லு, அந்தக் கரண்டி வரைக்கும் சொல்லு. மாமா மானம் போகுதேன்னு பார்க்காத... பையை எடுத்துக்கிட்டுக் கீழ இறங்கி வாசல்ல நில்லு. டாக்ஸி அனுப்பறேன், நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. நானும் வந்து உன்கூடவே...

... இல்ல. நான் வரக் கூடாது.

... எப்படி வர முடியும். மூணு நாளா அவர் பக்கத்துலயே படுத்துக் கிடந்தவ நான்... ஊசி போட்டிருக்கேன், போட்டிருக்கேன். போட்டா மட்டும் ஒட்டிக்காம இருக்குமா. நான் கொண்டு வந்து உனக்குக் கொடுத்துட்டா?

... தெரியும். தனியாப் போக உனக்கு பயம்னு தெரியும்டி... தெரியும், தெரியும்.

அந்த போனை அவர்கிட்டத் திருப்பிக் கொடுக்காத. தரையில வை. போய்க் கையைக் கழுவு. டாக்ஸி வர்றதுக்குள்ள நான் வந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கறேன். என்னைப் பார்த்தியானா தலையை மட்டும் ஆட்டு. கிட்ட வராத.

... நான் கூப்பிட்டாலும் வராத.

... வைக்கறேன்.